பட்டங்களால் ஆண்டவன்!

கொடுங்கோலன் எதை முதலில் கைப்பற்றுவான்? கருவூலத்தை என்பார் சிலர். படையை என்பார் சிலர். இரண்டையும் கைப்பற்றுவான், ஐயமில்லை. ஆனால் மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. அது மக்களின் வாய்ச்சொல்! தன்னை எந்தப் பெயரால் அழைக்கலாம், எந்தப் பெயரால் அழைக்கக் கூடாது என்று அவன் என்றைக்கு ஆணையிடுகிறானோ, அன்றைக்கே நாட்டின் நாக்குக்கு விலங்கு பூட்டப்பட்டு விடுகிறது. கைவிலங்கைக் கண் காணும். நாவிலங்கைக் காண்பார் யார்?

இந்த உண்மையை ரத்தம் சிந்திக் கற்றவர்கள் ஸ்பானிய மொழி பேசும் மக்கள். தம்மை அடக்கி ஆண்டவர்களைக் குறிக்க அந்த மொழியில் ஒரு சொற்படையே அணிவகுத்து நிற்கிறது. திக்ததோர் என்ற சொல் பழைய ரோமாபுரியிலிருந்து வந்தது. நெருக்கடி வேளையில், ஆறே மாத காலத்துக்கு முழு அதிகாரம் பெற்ற அதிகாரியை ரோமானியர் அப்படி அழைத்தனர். ஆறு மாதம் ஆயுட்காலமாக நீண்டபோது, சொல்லின் பொருளும் சர்வாதிகாரி என்றாகி விட்டது. கௌதியோ என்பது இன்னொரு சொல். தலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. தமிழில் தலையிலிருந்து தலைவன் பிறந்ததைப் போல. பத்தொன்பதாம் நூற்றாண்டில், குதிரை மீதேறி, ஆயுதக் கும்பலோடு வந்து ஆட்சியைப் பறித்தவர்களுக்கெல்லாம் தென்னமெரிக்க மக்கள் இந்தப் பெயரை இட்டார்கள். ஸ்பெயின் நாட்டின் பிராங்கோ அதே சொல்லைப் பெருமைக்குரிய பட்டமாகத் தன் தலையில் சூட்டிக் கொண்டான்.

கசீக்கே என்று மூன்றாவது ஒரு சொல். அது ஐரோப்பியச் சொல்லே அல்ல. கரிபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ பழங்குடியினர் தம் குலத் தலைவனை அழைத்த சொல். ஸ்பானியர் அந்த மக்களை அழித்தார்கள். சொல்லை மட்டும் எடுத்துக் கொண்டார்கள். நாளடைவில் அது, ஊரையே தன் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு, வாக்குகளை மொத்தமாக வளைத்துக் கொடுக்கும் உள்ளூர்ப் பெரிய மனிதனின் பெயராயிற்று.

அந்தத் தைனோ மக்கள் வாழ்ந்த தீவுகளில் ஒன்று ஹிஸ்பானியோலா. அதன் மேற்குப் பகுதி ஹைட்டி. கிழக்குப் பகுதி டொமினிக்கன் குடியரசு. அங்கேதான் இருபதாம் நூற்றாண்டில் ஒருவன் முளைத்தான். இருந்த பட்டங்கள் போதாதென்று புதிய பட்டங்களைப் படைத்துக் கொண்டு, முப்பத்தோராண்டுக் காலம் ஒரு நாட்டையே மூச்சுத் திணற வைத்தான். அவன்தான் ரபேல் லெயோனிதாஸ் துருஹியோ மோலினா!

காவலாள் தளபதியான கதை

1891-ம் ஆண்டு அக்டோபர் 24-ம் நாள், சான் கிறிஸ்தோபால் என்ற சிற்றூரில், பெரிய வசதி ஏதுமற்ற குடும்பத்தில் பிறந்தான் துருஹியோ. பதினாறு வயதில் தந்தி அலுவலகத்தில் வேலை. பிறகு கரும்புத் தோட்டத்தில் காவலாள். வெட்டப்பட்ட கரும்பையும் வெட்டிய தொழிலாளியையும் ஒருங்கே கண்காணிக்கும் வேலை! வெயிலில் வியர்வை சிந்தியவன் அல்ல அவன். வியர்வை சிந்தியவன் முதுகுக்குப் பின்னால் தடியோடு நின்றவன்.

சிறு வயதில் அவனுக்கு ஒரு கேலிப் பெயர் இருந்தது. சப்பீத்தா என்பது அது. புட்டி மூடி என்று பொருள். வீதியில் கிடந்த மூடிகளைப் பொறுக்கிச் சேர்த்ததால் வந்த பெயர் என்பார்கள். பிற்காலத்தில் அவன் மார்பு நிறையப் பதக்கங்கள் மின்னியபோது, அந்தப் பழைய பெயர் இன்னும் பொருத்தமாகி விட்டது. அதைக் கேட்டாலே அவனுக்குக் கோபம் கொப்பளிக்கும். ஆகவே அந்தச் சொல்லைச் சொல்லவே நாடு அஞ்சியது.

1916-ல் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் அந்த நாட்டில் இறங்கினார்கள். எட்டாண்டுக் காலம் அந்நிய ஆட்சி நடந்தது. எதிர்த்த உழவர்கள் சுடப்பட்டார்கள். உள்நாட்டு ஆட்களைக் கொண்டே உள்நாட்டு மக்களை அடக்க, அமெரிக்கர் ஒரு தேசியக் காவற்படையை அமைத்தனர். 1918-ல் அதில் போய்ச் சேர்ந்தான் தோட்டக் காவலாள். அந்நியன் கற்றுக் கொடுத்தான். இவன் கவனமாகக் கற்றுக் கொண்டான். 1924-ல் அமெரிக்கர் கப்பலேறினர். அடுத்த ஆண்டே அந்தப் படைக்கு அவன் தலைவன். 1927-ல் பிரிகேடியர் ஜெனரல். அந்நியன் போனான்; அவன் விட்டுச் சென்ற துப்பாக்கி போகவில்லை!

1930 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ஹொராசியோ வாஸ்கெஸை எதிர்த்துக் கிளர்ச்சி எழுந்தது. காக்க வேண்டிய படைத்தலைவன் கை கட்டி நின்றான். மே மாதத்தில் தேர்தல். எதிர்க்கட்சியினரைத் துரத்தியடிக்க அடியாள் கும்பல்கள் அவிழ்த்து விடப்பட்டன. எதிர்த்து நின்றவர்கள் போட்டியிலிருந்தே விலகினார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாக்கு துருஹியோவுக்கு என்று முடிவு வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது! தோழர்களே, மக்கள் மனம் திறந்து வாக்களிக்கும் நாட்டில் இப்படியொரு கணக்கு வருமா?

பட்டங்கள் பிறந்தன

ஆகஸ்டு 16-ல் பதவியேற்றான். செப்டம்பர் 3-ல் பெரும் புயலொன்று தலைநகர் சாந்தோ டொமிங்கோவைத் தரைமட்டமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நெருக்கடி என்ற பெயரில் எல்லா அதிகாரமும் அவன் கைக்கு வந்தது. ரோமானியரின் ஆறு மாதத் திக்ததோர் நினைவுக்கு வருகிறதல்லவா? புயல் ஓய்ந்தது, நகரம் மீண்டும் எழுந்தது, கொடுத்த அதிகாரம் மட்டும் திரும்பவில்லை.

மூன்றே ஆண்டுக்குள் இரண்டு பட்டங்கள். ஒன்று, தாயகத்தின் புரவலன் என்று பொருள்படும் பெனெபாக்தோர் தெ லா பாத்ரியா. மற்றொன்று, தளபதிகளுக்கெல்லாம் தளபதி என்று பொருள்படும் ஹெனராலிசிமோ. 1936-ல், நானூறாண்டுக்கு மேற்பட்ட பழமையுடைய சாந்தோ டொமிங்கோ நகரின் பெயர் அழிக்கப்பட்டது. துருஹியோ நகரம் என்ற பெயர் எழுதப்பட்டது. கரிபியன் தீவுகளிலேயே உயரமான சிகரத்துக்கும் அவன் பெயர். அரசாங்கக் கடிதங்களில் ஆண்டைக் குறிக்கும்போது, துருஹியோ சகாப்தம் இத்தனையாவது ஆண்டு என்றும் எழுதினார்கள். மண் அவன் பெயரில், மலை அவன் பெயரில், காலமும் அவன் பெயரில்!

கட்சியும் ஒன்றே ஒன்று. 1931-ல் அவன் அமைத்த டொமினிக்கன் கட்சி. அதன் கொள்கை நான்கு சொற்கள்: நேர்மை, விடுதலை, உழைப்பு, ஒழுக்கம். கேட்கக் காது குளிரும் சொற்கள்! ஆனால் ஸ்பானிய மொழியில் அந்த நான்கின் முதலெழுத்துக்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்; ரபேல் லெயோனிதாஸ் துருஹியோ மோலினா என்ற அவன் பெயரின் முதலெழுத்துக்களே அவை. கொள்கைக்குத் தலைவன் கிடைப்பதுண்டு. தலைவன் பெயருக்கேற்பக் கொள்கை வெட்டித் தைக்கப்பட்டது அங்கேதான்.

அரசு ஊழியர் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு அந்தக் கட்சிக்குப் பிடித்தம். வழியில் காவலன் மறித்தால் மூன்று தாள்களைக் காட்ட வேண்டும்: அடையாளச் சீட்டு, படைப் பணிச் சீட்டு, கட்சிச் சீட்டு. மக்கள் இந்த மூன்றுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். மூன்று அடிகள் என்பது அது! ஆள்வோன் பட்டம் சூட்டிக் கொண்டே இருந்தான். மக்களும் தங்கள் பங்குக்குச் சத்தமில்லாமல் பெயர் சூட்டிக் கொண்டே இருந்தார்கள்.

நாடே அவன் பட்டறை

எல்லாப் பட்டத்தையும் விட அதிகமாகப் புழங்கியது ஒரு சிறிய சொல்: எல் ஹெபே. ஸ்பானிய மொழி பேசும் தொழிலாளி, ஆலையில் தன் மேலாளை அழைக்கும் அன்றாடச் சொல் அது. நம் வழக்கில் சொன்னால், முதலாளி! இது வெறும் உவமை அல்ல. உப்பு அவனுக்குச் சொந்தம். இறைச்சி வணிகம், அரிசி, புகையிலை, சிமெண்டு என்று ஒவ்வொன்றிலும் அவனும் அவன் குடும்பமும் கை வைத்தார்கள். 1950-களின் நடுவில் நாட்டின் சர்க்கரைத் தொழிலில் பாதிக்கு மேல் அவன் கைக்குள் வந்து விட்டது. கரும்புத் தோட்டத்துக் காவலாள் கரும்புத் தோட்டங்களையே விழுங்கினான்.

அதற்குச் சற்று முன், 1946 ஜனவரியில், ஆலைகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கம்பெனிகள் வசம் இருந்தபோது, லா ரொமானாவிலும் சான் பெத்ரோ தெ மக்கோரிஸிலும் சர்க்கரைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாய் திறந்தாலே சிறை என்ற நாட்டில் கரும்புவெட்டிகள் அரிவாளைக் கீழே வைத்தார்கள்! கூலி உயர்ந்தது. முன்னின்றவர் மவ்ரிசியோ பயேஸ் என்ற தொழிற்சங்கத் தலைவர். பின்னர் அவர் கியூபாவில் அடைக்கலம் புகுந்தார். 1950 டிசம்பரில் ஹவானா நகரில் அவரைச் சிலர் அழைத்துச் சென்றார்கள். அவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. பயேஸுக்குப் பட்டம் யாரும் சூட்டவில்லை. ஆனால் கூலி உயர்வு வாங்கித் தந்தவர் புரவலனா, பயேஸா? தொழிலாளிக்குத் தெரியாதா?

உயிர் பறித்த ஒரு சொல்

1937 அக்டோபரில் நடந்ததை எழுதக் கை நடுங்குகிறது. எல்லைப் பகுதியில் வாழ்ந்த ஹைட்டி நாட்டவரையும், ஹைட்டி வழிவந்த மக்களையும் கொன்று தீர்க்க ஆணையிட்டான் துருஹியோ. தோட்டாவைக் காட்டிலும் வெட்டுக்கத்தியே அதிகம் வேலை செய்தது. ஆணென்றும் பெண்ணென்றும் குழந்தையென்றும் பார்க்கவில்லை. சில நாட்களுக்குள் மாண்டவர் பல ஆயிரம்; பன்னிரண்டாயிரம் என்றும், அதற்கும் மேலென்றும் மதிப்பிட்டவர்கள் உண்டு.

இந்தக் கொலையிலும் ஒரு சொல் நிற்கிறது. பெரெஹில் என்பது கொத்தமல்லி போன்ற ஒரு தழையின் ஸ்பானியப் பெயர். அந்தத் தழையைக் காட்டிப் பெயரைக் கேட்பார்களாம். ஹைட்டி மொழி பேசிப் பழகிய நாக்குக்கு அந்த ரகரமும் ஹகரமும் எளிதில் வராது. நாக்குப் பிறழ்ந்தால் கழுத்துப் போயிற்று! அதனாலேயே உலகம் அதைப் பெரெஹில் படுகொலை என்கிறது. டொமினிக்கன் மக்கள் அதற்கு இட்ட பெயர் எல் கோர்த்தே. வெட்டு என்று பொருள். கரும்பு வெட்டுக்கும் அதே சொல்தான். ஹைட்டி அரசுக்கு 750,000 டாலர் இழப்பீடு தருவதாக உடன்பாடு. பிறகு அதையும் 525,000 ஆகக் குறைத்தார்கள். உயிருக்கு விலை பேசி, அதிலும் பேரம்!

பொம்மைகளும் ஒற்றர்களும்

உலகம் முகம் சுளித்ததும் 1938-ல் பதவியை விட்டு விலகினான். விலகினானா? நாற்காலியில் ஒரு தித்தெரே அமர்ந்தது. பொம்மலாட்டப் பொம்மை என்பது அந்தச் சொல்லின் பொருள். முதலில் அமர்ந்த பெய்னாதோ, கடவுளையும் துருஹியோவையும் ஒரே வரியில் இணைத்த விளக்குப் பலகையைத் தன் வீட்டில் மாட்டி வைத்தவன்! 1942 முதல் 1952 வரை மீண்டும் துருஹியோவே குடியரசுத் தலைவன். அதன் பின் தம்பி எக்தோர், 1960-ல் பலகேர். பெயர்ப் பலகை மாறும்; ஹெபே மாற மாட்டான். இப்படிப் பதவியை விடாமல் நீட்டிக் கொண்டே போவதற்கும் ஸ்பானிய மொழியில் ஒரு பெயருண்டு: கொந்தினுயிஸ்மோ. தொடர்ச்சிவாதம் எனலாம். மகன் ரம்பிஸ் பத்து வயது நிறையுமுன் பிரிகேடியர் ஜெனரல்! விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுக்கும் வயதில் படையை வாங்கிக் கொடுத்தான் தந்தை.

மக்களின் இருட்டு அகராதியில் சொற்கள் பெருகின. கலியே என்றால் அரசாங்க ஒற்றன். அடுத்த வீட்டுக்காரன் கலியேயா, கூட வேலை செய்பவன் கலியேயா என்ற அச்சம் குடும்பத்துக்குள்ளும் நுழைந்தது. செபியோ என்றால் தூரிகை. ஒற்றர் படையின் கறுப்புச் சிறு கார்களுக்கு மக்கள் இட்ட பெயர். அந்தக் கார் தெருவில் மெல்ல ஊர்ந்தால் விளக்குகள் அணையும், பேச்சு நிற்கும். நாற்பது என்பது ஓர் எண். அங்கோ அது வதைக்கூடத்தின் பெயர்.

ஏடுகளும் தப்பவில்லை. எல் கரிபே என்ற நாளேட்டில், பொது மன்றம் என்ற தலைப்பில் கடிதங்கள் வந்தன. கையொப்பம் பொய், குற்றச்சாட்டு மேலிடத்தில் தயாரானது. அமைச்சனாயினும் தன் பெயரை அதில் கண்டால் அன்றே வாழ்வு முடிந்ததென்று நடுங்குவான். மக்கள் குரல் ஒலிக்க வேண்டிய பத்தியை மக்களைக் காட்டிக் கொடுக்கும் பத்தியாக்கினான்.

ஹெசூஸ் கலிந்தெஸ் என்ற அறிஞர், பிராங்கோவின் ஸ்பெயினிலிருந்து தப்பி டொமினிக்கன் குடியரசில் சில ஆண்டு வாழ்ந்தவர். பின் நியூயார்க் சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் துருஹியோவின் ஆட்சியைப் பற்றியே ஆய்வுரை எழுதினார். அவர் இட்ட தலைப்பு என்ன? துருஹியோ சகாப்தம்! அவன் பெருமைக்குச் சூட்டிக் கொண்ட சொல்லையே எடுத்து, அவன் குற்றப் பட்டியலுக்குத் தலைப்பாக்கினார். 1956 மார்ச் 12-ல் நியூயார்க் நகரில் அவர் காணாமற் போனார். திரும்பவே இல்லை. ஆனால் நூல் அச்சேறியது.

தாயகத்தைக் கொன்ற புரவலன்

1955-ல் இன்னொரு பட்டம்: புதிய தாயகத்தின் தந்தை. நாட்டின் விடுதலைக்கு வித்திட்ட துவார்த்தே முதலியோருக்கு ஏற்கனவே அந்தப் பெயர் இருந்தது; ஆகவே புதிய என்று ஒட்டுப் போட்டான்.

மினெர்வா, பாத்ரியா, மரியா தெரேசா என்று மூன்று சகோதரிகள். மிராபல் குடும்பத்துப் பெண்கள். கொடுமைக்கு எதிராக இரகசிய இயக்கம் கண்டவர்கள். வண்ணத்துப்பூச்சிகள் என்பது அவர்களின் மறைமொழிப் பெயர். 1960 நவம்பர் 25-ல், சிறையிலிருந்த கணவன்மாரைப் பார்த்துத் திரும்பிய வழியில் மறித்தார்கள். மூவரையும், காரோட்டிய ரூபினோ தெ லா குருஸையும் அடித்தே கொன்று, காரை மலைச்சரிவில் உருட்டி விபத்தென்றார்கள். யார் நம்பினார்கள்? பாத்ரியா என்ற ஸ்பானியச் சொல்லுக்குத் தாயகம் என்று பொருள். தாயகத்தின் புரவலன் என்று முப்பதாண்டுகள் முழங்கியவன், பாத்ரியா என்ற பெயருடைய பெண்ணைக் கொல்வித்தான்! 1999-ல், அந்த நவம்பர் 25-ம் நாளைப் பெண்களுக்கெதிரான வன்முறையை ஒழிக்கும் நாளாக ஐ.நா. மன்றம் அறிவித்தது.

அந்த 1960-ம் ஆண்டிலேயே அவன் கோட்டை விரிசல் கண்டது. ஜனவரியில் கத்தோலிக்க ஆயர்கள், சிறைப்பட்டோர் சார்பில் அறிக்கை விடுத்தார்கள். திருச்சபையின் புரவலன் என்ற பட்டமும் தனக்கு வேண்டுமென்று அவன் நெருக்கினான். அவர்கள் கொடுக்க மறுத்தார்கள். முப்பதாண்டில் கேட்டுக் கிடைக்காத பட்டம் அது! ஜூன் மாதத்தில் வெனிசுலா குடியரசுத் தலைவர் பெத்தன்கூரைக் குண்டு வைத்துக் கொல்ல முயன்று தோற்றான். ஆகஸ்டில் அமெரிக்க நாடுகளின் அமைப்பு அவன் ஆட்சியைத் தண்டித்து ஒதுக்கியது. கம்யூனிச எதிர்ப்பன் என்பதற்காக அவனைச் சீராட்டி வந்த வாஷிங்டனும் கைவிட்டது. அவனைக் கொல்லத் திட்டமிட்டவர்கள் சிலருக்கு அமெரிக்க உளவுத்துறையிடமிருந்தே துப்பாக்கிகள் போயின. வளர்த்த கையே வெட்டத் துணிந்தது!

1961 மே 30-ம் நாள் இரவு. சான் கிறிஸ்தோபால் செல்லும் சாலை. துருஹியோவின் காரைத் துரத்தி வந்து சுட்டார்கள். அறுபத்தொன்பது வயதில், பட்டங்கள் அத்தனையோடும் சாலையில் சாய்ந்தான். சுட்டவர்கள் அவனைக் குறிப்பிட்ட பெயர் எல் சீவோ. ஆட்டுக்கடா என்று பொருள்.

சொற்கள் திரும்பின

அதற்காக மகன் ரம்பிஸ் பழி தீர்த்தான். பிடிபட்டவர்களை வதைத்து, நவம்பரில் எஞ்சியோரைச் சுட்டுவிட்டு வெளிநாடு ஓடினான். அந்த நவம்பரிலேயே தலைநகருக்குப் பழைய பெயர் திரும்பியது. மீண்டும் சாந்தோ டொமிங்கோ! உயர்ந்த சிகரத்துக்கு இன்று துவார்த்தேயின் பெயர். 1962-ல், துருஹியோவைப் புகழ்வதையே தடுக்கும் சட்டம் வந்தது. மே 30-ல் நடந்ததை அந்நாட்டு மக்கள் கொலை என்று சொல்வதில்லை. அஹுஸ்திசியாமியெந்தோ என்கிறார்கள். நீதி நிறைவேற்றம் என்று பொருள். முப்பத்தோராண்டு ஒருவனே சொற்களுக்குப் பொருள் சொன்னான். கடைசிச் சொல்லை மக்கள் சொன்னார்கள்.

அவன் உடல் சான் கிறிஸ்தோபாலிலிருந்து பாரிசுக்கும், பிறகு மாட்ரிட் நகரை அடுத்த எல் பார்தோ இடுகாட்டுக்கும் போயிற்று. 2019 அக்டோபர் 24-ல், கௌதியோ என்று தன்னை அழைக்கச் செய்த பிராங்கோவின் உடலை, பிரம்மாண்டமான சமாதியிலிருந்து தோண்டியெடுத்து, அதே இடுகாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். துருஹியோ பிறந்த தேதியும் அக்டோபர் 24 தான்! கௌதியோவும் ஹெபேயும் இன்று ஒரே மண்ணில், அண்டை அயலாராய்.

தோழர்களே! துருஹியோவின் பட்டங்கள் வானத்திலிருந்து விழவில்லை. சட்டமன்றத்தில் ஒருவர் முன்மொழிந்தார். மற்றவர்கள் கை தூக்கினார்கள். ஏட்டில் அச்சிட்டார்கள், கூட்டத்தில் முழங்கினார்கள். ஒரு சொல்தானே, சொல்லிவிட்டுப் போவோமே என்று ஒவ்வொருவரும் எண்ணினார்கள். நாளடைவில் அந்தச் சொல்லைச் சொல்லாதவன் குற்றவாளியானான். அதிகாரத்தில் இருப்பவனை எந்தப் பெயரால் அழைப்பதென்று அவனே முடிவு செய்ய விட்டால், அவன் செய்வதை எந்தப் பெயரால் அழைப்பதென்றும் அவனே முடிவு செய்வான். கொலை விபத்தாகும், கொள்ளை கொடையாகும், அடிமைத்தனம் விடுதலையாகும்.

ஆலையில் உழைக்கும் கைகளுக்கு ஆயுதம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வாயில் சொல் இருக்கிறது. அது நம்முடையது. உழைத்துக் கொடுத்தவனுக்கு நன்றி சொல்வோம். ஆனால் கேட்டு வாங்க வருகிறவனுக்குப் பட்டம் கொடுக்காதிருப்போம்!